பேய் இல்லாத வீடுகள்

கிங்ஸ்பிரிட்ஜ் ரோடு நிறுத்தத்தில் சப்வே ரயிலைவிட்டு இறங்கிப் படியேறி வந்தால் கிராண்ட் கான்கோர்ஸ். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிக்கு இதுதான் ராஜபாட்டை. இருமருங்கிலும் செங்கல் அடுக்குமாடிகள், மளிகைக் கடைகள், கார் ஜன்னல்களிலிருந்து வழியும் ஸ்பானியப் பாட்டு. இந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு சிறு பூங்கா. அதன் ஓரத்தில், திருவிழாக் கூட்டத்தில் பேரன் கையை விட்டுவிட்ட கிராமத்துக் கிழவிபோல, வெள்ளைப் பலகைகளால் ஆன ஒரு குட்டை வீடு திகைத்து நிற்கிறது. எட்கர் ஆலன் போ கடைசியாக வாடகைக்குக் குடியிருந்த வீடு இது.

அவருடைய கதைகளில் வருகிற வீடுகள் வேறு மாதிரி. அஷர் குடும்பத்தின் மாளிகை கரிய குளத்தின் கரையில் கூரையிலிருந்து அடிவரை விரிசல் ஓடி நிற்கும். கொள்ளைநோய்க்குப் பயந்து இளவரசன் பிராஸ்பரோ ஒளிந்துகொள்ளும் மடத்தில் ஏழு வண்ணத்தில் ஏழு கூடங்கள் இருக்கும். கடைசிக் கூடம் முழுக்கக் கறுப்பு, ஜன்னல் கண்ணாடி மட்டும் ரத்தச் சிவப்பு. இவற்றை எழுதியவர் எப்படிப்பட்ட சுவர்களுக்குள் உட்கார்ந்து எழுதினார் என்று பார்த்துவிடும் ஆசையில்தான் நியூயார்க்கில் தொடங்கி, பிலடெல்பியா, பால்டிமோர், ரிச்மண்ட் என்று ஆம்டிராக் ரயிலில் தெற்கே இறங்கினேன். ஓர் எழுத்தாளரின் கதையையும் கவிதையையும் கோதிக் ஆக்குவது எது என்று இலக்கிய வகுப்புகளில் கேட்பார்கள். பாழடைந்த கோட்டை, நள்ளிரவு, புயல், சவப்பெட்டி, வெளிறிய பெண் என்று மாணவர்கள் பட்டியல் போடுவார்கள். மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு போவின் வீடுகளுக்குள் நடந்தால் ஒன்றுகூடப் பொருந்துவதில்லை.

இந்த ஃபோர்டம் வீடு 1812 வாக்கில் கட்டப்பட்டது. அன்று ஃபோர்டம் நகரத்துக்கு வெளியே ஒரு கிராமம். 1846-இல் ஆண்டுக்கு 100 டாலர் வாடகைக்குப் போ இங்கே குடிவந்தார். கூடவே அவர் மனைவி வர்ஜீனியா, வர்ஜீனியாவின் தாய் மரியா கிளெம், ஒரு பூனை. மரியா, போவின் தந்தையோடு பிறந்தவர். ஆக வர்ஜீனியா அவருக்கு அத்தை மகள். 1836-இல் திருமணம் நடந்தபோது அவளுக்கு வயது 13, அவருக்கு 27. கீழ்த்தளத்தில் கூடத்தை ஒட்டிய ஒரு சிற்றறை. அதில் ஒரு கட்டில். 1847 ஜனவரி 30 அன்று, 24 வயதில், காசநோயில் அவள் இறந்தது அந்த அறையில். வைக்கோல் மெத்தை, போர்த்திக்கொள்ள கணவனின் மேலங்கி, குளிருக்கு இதமாக மார்பின்மேல் படுத்த பூனை: அப்போது வந்து பார்த்த மேரி கோவ் என்ற பெண்மணி இதை எழுதிவைத்திருக்கிறார்.

அந்தக் கட்டிலின் முன்னால் நின்று எல்லோரும் சொல்வது ஒன்றே. "பாவம், மனைவி கண்முன்னே செத்தாள், அதனால்தான் இறந்த பெண்களைப் பற்றியே எழுதினார்." என்னுடன் நின்ற ஒரு தம்பதியும் அதைத்தான் பேசிக்கொண்டார்கள். கேட்க இதமாக இருக்கிறது. ஆண்டுகளைப் பார்த்தால் இடிக்கிறது.

வர்ஜீனியாவின் நோய் முதலில் வெளிப்பட்டது 1842 ஜனவரியில், பிலடெல்பியாவில், அவள் பாடிக்கொண்டிருந்தபோது வாயில் ரத்தம் வந்த அன்று. ஆனால் 'பெரனிஸ்' 1835-இலேயே வந்துவிட்டது. அதில் தனக்கு நிச்சயிக்கப்பட்ட உறவுக்காரப் பெண்ணின் பற்களின்மேல் ஒருவனுக்குப் பித்துப் பிடிக்கிறது. அவளைப் புதைத்த பிறகு கல்லறையைத் தோண்டி முப்பத்திரண்டையும் பிடுங்கி வந்துவிடுகிறான். பிடுங்கியது அவனுக்கே நினைவில்லை. புதைக்கும்போது அவள் சாகவும் இல்லை. செத்த முதல் மனைவி இரண்டாம் மனைவியின் உடலில் எழுந்து நிற்கும் 'லைஜியா' 1838. உயிரோடு அடக்கம் செய்யப்பட்ட தங்கை ரத்தக்கறையோடு வாசலில் வந்து நிற்கும் அஷர் கதை 1839. எல்லாவற்றுக்கும் மேலே 'எலியனோரா': ஓர் இளைஞன், அவன் மணக்க விரும்பும் உறவுப்பெண், அவளுடைய தாய் என்று மூவர் மட்டும் ஒரு பள்ளத்தாக்கில் வாழ்கிறார்கள்; அந்தப் பெண் நோயில் இறந்துபோகிறாள். இது அச்சானது 1841-இல். மறுவருடம் ஜனவரியில்தான் வீட்டில் ரத்தம்.

கதை முந்திக்கொண்டது, வாழ்க்கை பின்னால் வந்து அதை நகலெடுத்தது. போவின் வாழ்க்கையில் எனக்கு உண்மையிலேயே மயிர்க்கூச்செறிந்த இடம் இது ஒன்றுதான். இரண்டு வயதிலேயே தாயைப் பறிகொடுத்தவர் என்பது உண்மை. அந்த இழப்பை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் துக்கம் மட்டுமே கோதிக் எழுத்தைத் தராது. தருமானால் பாதி உலகம் போவைப்போல எழுதியிருக்கும்.

கோதிக் கதைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் இங்கிலாந்தின் ஹோரஸ் வால்போல். 1764-இல் வந்த அவருடைய 'ஒட்ரான்டோ கோட்டை'யில் எல்லாச் சாமான்களும் உண்டு: பழைய கோட்டை, சுரங்கப்பாதை, கொடுங்கோலனான பிரபு, ஓடித் தப்பிக்கும் இளம்பெண். முப்பது ஆண்டு கழித்து ஆன் ராட்கிளிஃப் அதை இன்னும் நயமாகச் செய்தார். இவர்களுடைய நாவல்களில் அபாயம் வெளியே இருக்கிறது. எவனோ ஒருவன் கதவைப் பூட்டுகிறான், உள்ளே இருப்பவள் தவிக்கிறாள். போ பிறந்த அமெரிக்காவிலோ கோட்டையும் இல்லை, பிரபுவும் இல்லை. புதுச் செங்கல்லும் வாடகைப் பாக்கியும்தான். அவருடைய கதைகளில் ஜெர்மானியக் கோதிக் வாடை அடிப்பதாக விமர்சகர்கள் முனகியபோது, 1840 தேதியிட்ட தம் முதல் சிறுகதைத் தொகுப்பின் முன்னுரையில் அவர் பதில் சொன்னார்: தாம் எழுதும் பயங்கரம் ஜெர்மனியிலிருந்து வந்ததல்ல, ஆன்மாவிலிருந்து வந்தது என்ற பொருளில். அதை ஏதோ கவித்துவமான வீம்பு என்று நினைத்திருந்தேன். பிலடெல்பியா நிலவறையில் இறங்கும்வரை.

பிலடெல்பியாவின் ஏழாவது தெருவில், ஸ்பிரிங் கார்டன் சாலைக்குச் சற்று வடக்கே இருக்கிறது அந்த வீடு. தேசியப் பூங்காத் துறை பராமரிக்கிறது. வாசலில் கம்பத்தின்மேல் ஓர் அண்டங்காக்கைச் சிலை. உள்ளே போனால் ஒரு நாற்காலிகூடக் கிடையாது. போ குடும்பத்தின் தட்டுமுட்டுகள் எவை என்று தெரியாததால், கற்பனையாக எதையும் நிரப்பாமல் வெறும் அறைகளாகவே விட்டிருக்கிறார்கள். நல்ல முடிவு. காரை உதிர்ந்த சுவர்கள், பல அடுக்காக உரிந்த வண்ணம், நடந்தால் முனகும் மரத்தளம். 'காட்டிக்கொடுத்த இதயம்' 1843 ஜனவரியில் வெளிவந்த கதை. கிழவரைக் கொன்று துண்டாக்கித் தளப்பலகைக்கு அடியில் வைத்தவன், அந்தப் பலகையின்மேலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து போலீஸ்காரர்களோடு அரட்டை அடிக்கிறான். அந்தத் தளத்தில் நான் வைத்த ஒவ்வோர் அடிக்கும் ஒரு சத்தம் கேட்டது. காலணியைக் கழற்றிவிடலாமா என்று தோன்றியது.

நிலவறைக்கு மரப்படிகள். தாழ்ந்த உத்தரம், ஈர மண்ணின் வாசம், மூலைகளில் சிலந்தி வலை. ஒரு சுவரில் பயன்படாத கணப்படுப்பின் அடித்தளம்போல செங்கல் துருத்திக்கொண்டிருக்கிறது. 1843 ஆகஸ்டில் வெளியான 'கறுப்புப் பூனை'யைப் படித்தவர்கள் இங்கே பேச்சை நிறுத்திவிடுவார்கள். மனைவியைக் கோடரியால் வெட்டியவன் இப்படிப்பட்ட ஒரு துருத்தலுக்குள்தான் அவளை நிற்கவைத்துச் செங்கல் அடுக்கிப் பூசிவிடுகிறான். சோதனைக்கு வந்த போலீஸ் ஒன்றும் காணாமல் திரும்பப் படியேறும் நேரம். வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்தான். "இந்தச் சுவர்கள் எவ்வளவு உறுதி பார்த்தீர்களா" என்கிற தோரணையில் கைத்தடியால் அதே இடத்தைத் தட்டுகிறான். உள்ளிருந்து குரல் வருகிறது. பிணத்தோடு பூனையையும் வைத்துப் பூசிவிட்டிருந்தான்.

காவலராக நின்ற பூங்காத் துறை ஊழியரிடம், "அவன் ஏன் தட்டினான் என்று யாராவது கேட்பார்களா?" என்றேன். "பெரியவர்கள் கேட்பார்கள். பிள்ளைகளுக்குத் தெரியும்" என்றார். நல்ல ஆசாமி.

இரண்டு கதையிலும் பேய் இல்லை. பூனை உயிருள்ள பூனை. தரைக்கடியில் கேட்ட இதயத் துடிப்பு அவன் காதுக்கு மட்டும் கேட்டது. ஆளைப் பிடிப்பது வேறொன்று: அந்தக் குரல். தனக்குப் பைத்தியம் இல்லை என்று முதல் வரியிலிருந்தே சத்தியம் செய்யும் குரல். எவ்வளவு பொறுமையாக, எவ்வளவு சாமர்த்தியமாகக் கொன்றேன் பாருங்கள் என்று கணக்குக் காட்டும் குரல். அறிவு தெளிவாக இருக்கிறது. அந்தத் தெளிவே நோயாகவும் இருக்கிறது. வால்போல் கதையில் பூட்டுகிறவன் ஒருவன், பூட்டப்படுகிறவள் வேறொருத்தி. போவிடம் இரண்டும் ஒரே ஆள். சிறையும் அவனே, சிறைக்காவலனும் அவனே, கடைசியில் ஓடிப்போய்க் காட்டிக்கொடுப்பவனும் அவனே. 'குழியும் ஊசலும்' கதையிலோ சிறைப்படுத்துகிறவர்கள் வெளியே இருக்கிறார்கள், ஸ்பெயினின் மத விசாரணை அதிகாரிகள். அங்கே கடைசி நொடியில் ஒரு பிரெஞ்சுத் தளபதியின் கை நீண்டு காப்பாற்றிவிடுகிறது. வெளியில் பகைவன் இருந்தால் வெளியிலிருந்து மீட்பும் வரலாம் போலும். தன்னையே பூட்டிக்கொண்டவனுக்கு எந்தத் தளபதி வருவார்?

பக்கத்துக் கட்டடத்தில் ஒரு வாசிப்பு அறை. வீட்டு அலங்காரம் எப்படி இருக்கவேண்டும் என்று 1840-இல் போ ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அதன்படி சிவப்பும் பொன்னுமாக அந்த அறையை அமைத்திருக்கிறார்கள். வெற்றுச் சுவர்களைப் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு அது கொஞ்சம் வலிக்கும். இப்படியொரு அறை அவருக்கு வாய்த்ததே இல்லை.

அதே ஊரின் மத்திய நூலகத்துக்கு நடந்தேன். மூன்றாம் மாடியில் அரிய நூல் பிரிவு. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் கிரிப் இருக்கிறது. கிரிப், சார்லஸ் டிக்கன்ஸ் வளர்த்த அண்டங்காக்கை. 1841-இல் செத்ததும் டிக்கன்ஸ் அதைப் பாடம்பண்ணி வைத்துக்கொண்டார். தம் 'பார்னபி ரட்ஜ்' நாவலில் பாத்திரமாகவும் ஆக்கினார். அந்த நாவலுக்கு மதிப்புரை எழுதிய போ, இந்தப் பறவையை இன்னும் நன்றாகப் பயன்படுத்தியிருக்கலாம், கதைக்குக் குறி சொல்லுவதுபோல் அதைப் பேசவிட்டிருக்கலாம் என்றார். 1842-இல் டிக்கன்ஸ் பிலடெல்பியா வந்தபோது இருவரும் சந்திக்கவும் செய்தார்கள். 1845 ஜனவரி 29 அன்று நியூயார்க் செய்தித்தாள் ஒன்றில் 'அண்டங்காக்கை' என்ற நீள்கவிதை வந்தது. ஊரெல்லாம் அதே பேச்சு. கையில் வந்த பணம் ஒன்பது டாலர் என்பார்கள்.

நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிய பறவை. நம் ஊர்க் காகம் இதன் அருகில் குஞ்சு. அலகு மட்டுமே ஒரு கருவியைப்போல் இருக்கிறது. பெட்டியின் முன் குனிந்து பார்த்தபோது கண்ணாடியில் என் முகமும் அதன் முகமும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தன; ஒதுங்கி நின்றுகொண்டேன்.

அந்தக் கவிதையில் நடப்பது இவ்வளவுதான். டிசம்பர் நள்ளிரவு, ஓர் அறை, காதலியை இழந்த ஒருவன். கதவு தட்டும் ஓசை, திறந்தால் இருட்டு. ஜன்னலைத் திறந்தால் பறவை உள்ளே வந்து கதவுக்கு மேலிருக்கும் சிலையின் தலையில் உட்கார்கிறது. சிலையோ அறிவுக்குத் தெய்வமான பல்லஸ். பறவைக்கு ஒரே ஒரு சொல் தெரியும். எங்கோ எவனிடமோ கற்றுக்கொண்ட சொல், வேறெதுவும் அதற்கு வராது என்று அவனே யோசித்துத் தெளிந்துவிடுகிறான். தெளிந்த பிறகுதான் கேள்விகளை ஆரம்பிக்கிறான். என் துயருக்கு மருந்துண்டா? அவளை மறுமையில் காண்பேனா? என்ன பதில் வரும் என்று தெரிந்தே, அந்தப் பதில் எங்கே ஆழமாகக் குத்துமோ அங்கே வைத்துக் கேட்கிறான். அடுத்த ஆண்டு போவே ஒரு கட்டுரையில் இந்தக் கவிதையைக் கணக்குப் போடுவதுபோல் கட்டினேன் என்று விளக்கினார். முதலில் கிளியைத்தான் நினைத்தாராம். கிளி வந்திருந்தால்! அந்தக் கட்டுரையை முழுக்க நம்பத் தேவையில்லை. ஆனால் அதிலும் கேட்பது அதே குரல்தான், எவ்வளவு சாமர்த்தியமாகச் செய்தேன் பாருங்கள் என்று.

பால்டிமோரில் ஆமிட்டி தெரு வீடு இன்னும் சின்னது. 1833 வாக்கில் அவர் அத்தையோடு வந்து ஒண்டிய இடம். நோயில் படுத்திருந்த பாட்டிக்கு, புரட்சிப் போரில் தாத்தா ஆற்றிய சேவைக்காக ஆண்டுக்கு 240 டாலர் உதவித்தொகை வந்தது. வீடு ஓடியது பெரும்பாலும் அதில்தான். 1835 ஜூலையில் பாட்டி போனார், தொகையும் நின்றது. ஆகஸ்டில் போ ரிச்மண்டுக்கு வேலை தேடிப் போனார். மாடிக்கும் மச்சுக்கும் போகும் படிக்கட்டு ஏணியைவிடச் சற்றே மேல்: செங்குத்து, திருகல், ஒரு பாதம் முழுதாக வைக்க இடமில்லை. நான் பக்கவாட்டில் ஏறி, திரும்பும்போது பின்பக்கமாக இறங்கினேன். மச்சில் சரிந்த கூரை, ஒரு சிறு ஜன்னல். நிமிர்ந்தால் தலை இடிக்கும்.

இங்கே இருந்த காலத்தில்தான் பல் பிடுங்கிய கதை வெளிவந்தது. வாசகர்கள் பத்திரிகை ஆசிரியருக்குப் புகார் எழுதினார்கள். ரசனையின் எல்லையைத் தொட்டுவிட்டேன் என்று ஒப்புக்கொண்ட போ, அதே கடிதத்தில் பெயர்பெற்ற பத்திரிகைகள் எல்லாம் இப்படிப்பட்ட சரக்கினால்தான் பெயர்பெற்றன என்றும் சொல்லிவைத்தார். வயிற்றுப்பாட்டை மறைத்துப் பேசும் இலக்கிய ஆராய்ச்சிகள் எனக்குப் பிடிப்பதில்லை. கோதிக் என்பது அவருக்கு ஆன்மாவின் குரல்தான். சந்தையில் விலைபோகும் பண்டமும்தான்.

அந்த மச்சில் நின்றபோது 'பேய் பிடித்த அரண்மனை' என்ற அவருடைய கவிதை நினைவுக்கு வந்தது. 1839-இல் பால்டிமோர் இதழொன்றில் வந்தது. பிறகு அஷர் கதைக்குள், மாளிகையின் சொந்தக்காரன் ரோடரிக் பாடும் பாட்டாக வைத்தார். ஒளி வீசும் இரண்டு ஜன்னல்கள், முத்தும் மாணிக்கமும் இழைத்த வாசல், உள்ளே அரியணையில் அரசன். மெதுவாகப் புரியும், இது கட்டடம் அல்ல, தலை. ஜன்னல்கள் கண்கள், வாசல் வாய், அரசன் அறிவு. பிறகு துன்பங்கள் உள்ளே புகுந்து, ஜன்னல் சிவந்து, வாசலிலிருந்து சிரிப்பு மட்டும் கொட்டுகிறது. கதையில் அஷர் என்பது வீட்டுக்கும் பெயர், குடும்பத்துக்கும் பெயர். இரண்டும் ஒரே இரவில் குளத்துக்குள் சரிகின்றன. இவ்வளவு பெரிய மாளிகைகளை எழுத அவருக்குப் பெரிய வீடு எதற்கு? தலை நிமிர முடியாத இடம் போதும்.

அவர் இறந்ததும் இந்த ஊரில்தான். 1849 அக்டோபர் 3, தேர்தல் நாள். வாக்குச்சாவடியாக இருந்த ஒரு மதுக்கடையருகே, தம்முடையவை அல்லாத உடைகளில், நினைவு தவறிக் கிடந்தார். அக்டோபர் 7 அன்று மருத்துவமனையில் உயிர் போனது. வயது 40. குடியா, வெறிநாய்க்கடியா, கள்ள ஓட்டுக் கும்பலா என்று இன்றுவரை சண்டை. துப்பறியும் கதைக்கே வழிவகுத்தவர் தம் சாவுக்குத் துப்பு வைக்கவில்லை.

வெஸ்ட்மின்ஸ்டர் இடுகாட்டில் கல்லறை. பட்டியல் மாணவர்களுக்கு இங்கேதான் முழு மதிப்பெண்: கூர்வளைவு ஜன்னல்கள், எகிப்திய பாணி வாயில், சாய்ந்த கற்கள். 1852-இல் கல்லறைகளுக்கு மேலேயே செங்கல் வளைவுகள் நிறுத்தித் தேவாலயத்தைக் கட்டிவிட்டார்கள். வளைவுகளுக்கு அடியில் குனிந்து போனால், வானத்தைப் பார்க்கவேண்டிய சமாதிகள் கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கின்றன. போவுக்காகச் செய்த முதல் கல், அது கிடந்த பட்டறைக்குள் ரயில் பாய்ந்து நொறுங்கியது என்பார்கள். 1875-இல் அவரைத் தோண்டியெடுத்து முன்வாசலுக்கு மாற்றிப் பளிங்கு நினைவுச் சின்னம் வைத்தார்கள். வால்ட் விட்மன் வந்திருந்தார். சின்னத்தில் பிறந்த தேதி ஒரு நாள் தப்பு. ஃபோர்டமில் வர்ஜீனியாவைப் புதைத்த இடுகாட்டை அழித்தபோது, போவின் வரலாற்றை எழுதிய வில்லியம் கில் அவள் எலும்புகளை வாங்கி ஒரு பெட்டியில் போட்டுத் தம் கட்டிலுக்கடியில் வைத்திருந்ததாகப் பின்னாளில் சொன்னார். 1885-இல் அவை இங்கே கணவனருகே வந்து சேர்ந்தன. இதைக் கதையாக எழுதியிருந்தால் எந்த ஆசிரியரும் மிகை என்று வெட்டியிருப்பார்.

சமாதியின் விளிம்பில் ஒரு சென்ட் காசுகள் சிதறிக் கிடந்தன. வந்தவர்கள் வைத்துப்போவது. நானும் ஒன்று வைத்தேன்.

ரிச்மண்டின் போ அருங்காட்சியகம் ஒரு பழைய கல்வீட்டில் 1922-இலிருந்து இயங்குகிறது. போ குடியிருந்த வீடு அல்ல. அவர் வாழ்ந்த வீட்டிலிருந்து பெயர்த்த படிக்கட்டு, அவருடைய பிரயாணப் பெட்டி, சாகும்போது சட்டைப்பையில் இருந்த அதன் சாவி எல்லாம் இங்கே இருக்கின்றன. குன்றின்மேலுள்ள செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் அவருடைய தாய் எலிசபெத்தின் கல்லறை இருக்கிறது; 24 வயதில் இறந்த நாடக நடிகை. மருமகளும் அதே வயதில்தான் போனாள்.

அருங்காட்சியகத்தில் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் நுழைந்திருந்தது. வழிகாட்டிப் பெண் அண்டங்காக்கைக் கவிதையை நாடகம்போல் சொல்லி முடித்ததும், பன்னிரண்டு வயது இருக்கும் ஒரு பையன் கையைத் தூக்கினான்.

"கதவு பக்கத்துலதானே இருக்கு? அவர் எழுந்து வெளியே போயிருக்கலாமே?"

"நீ போயிருப்பியா?" என்றார் அவர்.

பையன் கொஞ்சம் யோசித்தான். "இல்ல. இன்னொரு கேள்வி கேட்டுப் பாப்பேன்."

ஆசிரியை சிரித்துக்கொண்டே அவன் தோளைப் பிடித்து அடுத்த அறைக்குத் தள்ளினார்.